பிஎச்பி பதிப்பை மாற்றப் போகிறீர்களா? இதை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்

"அண்ணன், ஹொஸ்டிங் கொம்பனியில இருந்து மெயில் வந்திருக்கு. பிஎச்பி பழசாம், மாத்தட்டாம். மாத்தினா தளம் நிண்டு போகுமா?"

இந்தக் கேள்வி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. ஆரையம்பதியில் கோயில் தளம் பார்க்கும் தம்பிமார், களுவாஞ்சிகுடியில் விளையாட்டுக் கழகத்துக்குத் தளம் நடத்துபவர்கள், ஏறாவூரில் கடைக்குத் தளம் வைத்திருப்பவர்கள், பழைய மாணவர் சங்கச் செயலாளர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குரல் பதிவு அனுப்புவதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுங்கள், கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் நேராகக் கை வைக்காதீர்கள். தளத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதில் ஒத்திகை பாருங்கள். ஒத்திகையில் பக்கம் திறக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், தமிழ் எழுத்து ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிஎச்பி என்ன வேலை செய்கிறது?

ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கோயில் தளத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பக்கம் எங்கும் தயாராக எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சேர்வர் அந்தக் கணத்தில் ஒரு நிரலை ஓட்டுகிறது. தரவுத்தளத்தில் இருந்து கட்டுரையையும் படத்தின் பெயரையும் எடுத்து, பக்கமாகக் கோத்து அனுப்புகிறது. அந்த நிரலின் மொழிதான் பிஎச்பி. வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல், விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி எல்லாமே பிஎச்பியில் எழுதப்பட்டவை. ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' தளமும் மீடியாவிக்கியில் கட்டப்பட்டதுதான்.

ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995 இல் வெளியிட்ட இந்த மொழி இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நவம்பர், டிசம்பர் அளவில் புதிய பதிப்பு ஒன்று வரும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுட்காலம் உண்டு. முன்பு மூன்று வருடமாக இருந்தது. இப்போது ஏறத்தாழ நான்கு வருடம். அந்தக் காலம் முடிந்த பிறகு பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டாலும் அந்தப் பதிப்புக்குத் திருத்தம் வராது.

எங்கள் பக்கத்தில் நான் அதிகம் காண்பவை 5.6 உம் 7.4 உம். 5.6 இன் காலம் 2018 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. 7.4 இன் காலம் 2022 நவம்பர் 28 உடன் முடிந்தது. 8.0 போனது 2023 நவம்பர் 26 இல், 8.1 போனது 2025 டிசம்பர் 31 இல். 8.2 க்கு 2026 முடியும் வரை நேரம் இருக்கிறது, 8.3 க்கு 2027 முடியும் வரை, 8.4 க்கு 2028 முடியும் வரை. இப்போது மாற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது 8.3 அல்லது 8.4. ஆகப் புதியதற்குத் தாவ வேண்டாம். தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் பிளகின்களை எழுதுபவர்கள் அதற்கு ஏற்றபடி தங்கள் நிரலைத் திருத்தக் கொஞ்சக் காலம் எடுக்கும்.

"மறுகா பார்ப்பம்" என்று ஏன் விடக்கூடாது?

2024 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் பிஎச்பி ஓடும் ஒரு முறையில் பெரிய ஓட்டை இருப்பதைத் தாய்வானின் டெவ்கோர் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வெளியில் இருந்து ஒருவர் அந்தச் சேர்வரில் தான் விரும்பிய கட்டளையை ஓட்டக்கூடிய ஓட்டை அது. 8.1, 8.2, 8.3 ஆகிய மூன்றுக்கும் உடனே திருத்தம் வந்தது. 8.0 க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் வரவில்லை. ஓட்டை அவற்றிலும் இருந்தது. ஆனால் அவற்றின் காலம் முடிந்திருந்தது. பாடசாலை, அலுவலகக் கணினிகளில் ஸாம்ப் என்ற சேர்வர் பொதியை நிறுவி அதிலேயே உள்ளகத் தளம் ஓட்டும் பழக்கம் எங்களிடம் உண்டு. விண்டோஸில் ஸாம்ப் நிறுவினால் இந்த ஓட்டை இயல்பாகவே திறந்திருந்தது. அப்படி ஒரு கணினி உங்கள் பாடசாலையில் இருந்தால், இணையத்தோடு தொடுத்திருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று போய்ப் பாருங்கள்.

இன்னொன்று எங்கள் இலங்கையிலேயே நடந்தது. 2023 ஓகஸ்ட் 26 இல் அரசாங்க மேகக் கணினி வலையமைப்பின் மின்னஞ்சல் சேவையை ரான்சம்வெயர் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை இருந்தவை திரும்பக் கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற காலங்கடந்த பதிப்பு. புதியதற்கு மாறும் திட்டம் 2021 முதல் இருந்தும் பணத் தட்டுப்பாட்டால் தள்ளிப்போனது என்று பொறுப்பான நிறுவனமே சொன்னது. அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் நகல் இருக்கவில்லை. அது பிஎச்பி அல்ல, வேறு மென்பொருள். ஆனால் விடயம் அதேதான். பதிப்பு பழையது, மாற்றம் தள்ளிப்போடப்பட்டது, நகல் இல்லை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் இழப்பை யாராலும் திருப்ப முடியாது.

பணத் தட்டுப்பாடு எங்களுக்கும் நன்றாகத் தெரிந்த கதை. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ஐத் தாண்டியபோது, ஹொஸ்டிங் கட்டணம் கட்டுவதே பெரும்பாடாக இருந்தது. தளத்தை மூடாமல் காப்பாற்றியதே போதும் என்று பலர் அதன் பிறகு உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை. அது விளங்கிக்கொள்ளக் கூடியது. ஆனால் பதிப்பை மாற்றுவதற்குப் பெரும்பாலான ஹொஸ்டிங்கில் தனிக் கட்டணம் கிடையாது. இதற்குத் தேவை நேரமும் நிதானமும்தான்.

சில நிறுவனங்கள் காலம் முடிந்த பதிப்புகளுக்கும் தாங்களே திருத்தம் போட்டுக் கொடுக்கின்றன. அது உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தரும். அந்த அவகாசத்தில் ஒத்திகையைத் தொடங்குங்கள்.

எங்கள் தளங்களில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்

1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26 சுனாமி கல்லடி, நாவலடிக் கரையில் வீடுகளையே கொண்டுபோனது. இவற்றுக்கு இடையே யுத்தமும் இடப்பெயர்வும். எத்தனை வீட்டுப் பெட்டிகளில் இருந்த படங்களும் மலர்களும் கையெழுத்துப் பிரதிகளும் இல்லாமல் போயின! எஞ்சியதைத்தான் யாரோ ஒருவர் ஸ்கேன் செய்து, தட்டச்சு செய்து, ஊர்த் தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். படுவான்கரையில் ஒரு கிராமத்தின் கண்ணகி அம்மன் சடங்கைப் பற்றிய கட்டுரை, ஒரு கூத்து அண்ணாவியாரின் நேர்காணல், மூடிப்போன ஒரு சஞ்சிகையின் சில இதழ்கள். சில வேளை உலகத்திலேயே அதற்கு அந்த ஒரு பிரதிதான் இருக்கும். ஆகவே தளத்தின் பதிப்பை மாற்றுபவர் ஆவணக் காப்பாளரின் பொறுப்போடு அதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு.

எது உடைகிறது?

புதிய பதிப்பில் உடைவது மூன்று வகை.

முதல் வகை சத்தம் போட்டு உடையும். பழைய கட்டளை ஒன்று புதிய பதிப்பில் இல்லை என்றால் வெள்ளைப் பக்கம் வரும், அல்லது பிழைச்செய்தி வரும். தரவுத்தளத்தோடு பேசப் பயன்பட்ட பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைக் குடும்பம் 2015 இல் வந்த 7.0 இலேயே நீக்கப்பட்டது. சொற்களைத் தேடி மாற்றும் எரெக் குடும்பமும் அதோடு போனது. பாமினி எழுத்துருவில் இருந்ததை யுனிகோட்டுக்கு மாற்ற எழுதப்பட்ட பழைய நிரல்கள் சிலவற்றில் அந்த எரெக் இருக்கும். எங்கள் பக்கத்துத் தளங்களில் இதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வகை பயமாகத் தெரிந்தாலும் நல்லது. எங்கே பிழை என்று அதுவே சொல்லிவிடும்.

இரண்டாவது வகை சத்தமே போடாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். 7.4 வரை 'கல்லடி' என்ற சொல்லைப் பூச்சியம் என்ற எண்ணோடு ஒப்பிட்டு இரண்டும் சமமா என்று கேட்டால், பிஎச்பி 'ஆம்' என்று சொல்லும். எண் இல்லாத எந்தச் சொல்லையும் அது பூச்சியமாக எடுத்துக்கொண்டது. 8.0 இல் இருந்து 'இல்லை' என்று சொல்கிறது. புதிய விடைதான் சரியானது. ஆனால் பதினைந்து வருடத்துக்கு முன்னர் யாரோ எழுதிய அங்கத்தவர் படிவம் அந்தப் பழைய விடையை நம்பி எழுதப்பட்டிருந்தால்? பிழைச்செய்தி எதுவும் வராது. படிவம் வேறு விதமாக நடக்கத் தொடங்கும். இதை இயந்திரம் கண்டுபிடித்துத் தராது. மனிதர் இருந்து படிவத்தை நிரப்பி, அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது வகை தமிழில் உடைவது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது. ஆகவே இதில் கொஞ்சம் நிற்போம்.

பிஎச்பிக்கு எழுத்துகளைப் பற்றிய அறிவு இயல்பாகக் கிடையாது. அதற்கு எல்லாம் பைட்டுகள்தான். உள்ளேயே யுனிகோட் தெரிந்த ஒரு பிஎச்பி 6 ஐக் கொண்டுவர முயன்றார்கள். 2010 இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். அதனால்தான் 5 க்குப் பிறகு நேரே 7 வந்தது. 'மட்டக்களப்பு' என்ற சொல்லை எடுங்கள். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. யுனிகோட் கணக்கில் மெய்ப்புள்ளிகளும் உகரக் குறியும் தனித்தனி என்பதால் பன்னிரண்டு குறிகள். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்பதால் சாதாரணப் பிஎச்பிக்கு அதன் நீளம் முப்பத்தாறு. முகப்புப் பக்கத்தில் கட்டுரைச் சுருக்கம் காட்ட "முதல் நூறை வெட்டு" என்று எழுதியிருந்தால், நூறாவது பைட் ஓர் எழுத்தின் நடு வயிற்றில் விழக்கூடும். வாக்கியத்தின் முடிவில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிவது அதனால்தான்.

இதைச் சரியாக வெட்ட எம்பிஸ்ட்ரிங் என்ற நீட்சியும், கண்ணுக்குத் தெரிவது போலவே எழுத்து எண்ண இன்டில் என்ற நீட்சியும் வேண்டும். பதிப்பை மாற்றும்போது இவை தாமாகக் கூட வருவதில்லை. பழைய பதிப்பில் யாரோ ஒரு காலத்தில் சரி அடையாளம் போட்டு இயக்கியிருப்பார்கள். புதிய பதிப்பின் பட்டியலில் அது வெறுமையாக இருக்கக்கூடும். ஹொஸ்டிங் பேனலில் பதிப்பை மாற்றும் அதே திரையில் நீட்சிகளின் பட்டியலையும் திறந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எம்பிஸ்ட்ரிங், இன்டில், மைஎஸ்கியூஎல்ஐ, ஜிடி, ஸிப், கேர்ல் ஆகியவை எங்கள் தளங்களுக்கு அநேகமாக வேண்டியவை.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. மாற்றிய பிறகு கட்டுரை முழுவதும் தமிழுக்குப் பதிலாகத் தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வரும். பார்த்ததும் நெஞ்சு பதறும். "எல்லாம் போச்சு" என்றுதான் தோன்றும். ஒன்றும் போகவில்லை. தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றேதான். அதை மேற்கைரோப்பிய எழுத்தாக வாசித்தால் அந்தக் கோடு போட்ட 'ஏ' வரும், ஆகவேதான் அது திரும்பத் திரும்ப வருகிறது. நடந்தது இதுதான்: பழைய தளம் தமிழை லத்தீன்1 என்ற மேற்கைரோப்பிய எழுத்துமுறையின் பெயரிட்ட பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தது. போடும்போதும் எடுக்கும்போதும் ஒரே பிழை நடந்ததால் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. புதிய இணைப்பு யுனிகோட் என்று சரியாகச் சொல்லிக்கொண்டு பெட்டியைத் திறக்கிறது. பெட்டியின் பெயர் லத்தீன்1 என்பதால் தரவுத்தளம் தானாக இன்னொரு தடவை 'மாற்றி'க் கொடுக்கிறது.

இந்த நேரத்தில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அந்த நிலையில் எந்தக் கட்டுரையையும் திறந்து சேமிக்காதீர்கள், புதிதாக எதையும் பதியாதீர்கள். பதிந்தால் ஒரே அட்டவணையில் பாதி ஒரு விதமாகவும் பாதி வேறு விதமாகவும் கலந்துவிடும். அதைப் பிரித்தெடுப்பது பெரிய வேலை. முதலில் இணைப்பின் எழுத்துமுறையைப் பழையபடி லத்தீன்1 ஆக்கிப் பாருங்கள். தமிழ் திரும்பித் தெரியும். பிறகு நகலில் வைத்து, அந்த அட்டவணையின் நெடுவரிசைகளை முதலில் வெறும் பைனரியாகவும் அதன் பின் யுனிகோட்டுக்கான யுடிஎஃப்8எம்பி4 ஆகவும் இரண்டு படியில் மாற்றுங்கள். நேரே ஒரே படியில் மாற்றினால் அந்தக் கோடு போட்ட எழுத்துகளே நிரந்தரமாகிவிடும்.

எப்படிச் செய்வது?

1. முதலில் எழுதுங்கள். இப்போது என்ன பிஎச்பி பதிப்பு, என்ன தரவுத்தளப் பதிப்பு, என்ன தீம், எந்தெந்தப் பிளகின், யாராவது கையால் எழுதிச் சேர்த்த கோப்புகள் எவை. வேர்ட்பிரஸில் 'தள நலம்' என்ற பக்கத்தில் இவற்றில் பாதி கிடைக்கும். மூன்று, நான்கு வருடமாகப் புதுப்பிக்கப்படாத பிளகின் இருந்தால் சிவப்புக் கோடு போடுங்கள். பிரச்சினை பெரும்பாலும் அங்கே இருந்துதான் வரும்.

2. பேக்அப் எடுங்கள். கோப்புகள் வேறு, தரவுத்தளம் வேறு; இரண்டும் வேண்டும். சேர்வரிலேயே விட்டுவைக்காமல் இறக்கி எடுங்கள். ஒன்று உங்கள் வன்தட்டில், இன்னொன்று வேறொரு ஊரில் அல்லது வேறொரு மேகச் சேமிப்பில். எங்கள் பக்கத்தில் மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வரும் என்பதை மறக்காதீர்கள். எடுத்த பேக்அப்பை ஒரு தடவை திறந்து, மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்அப்பை நம்பி எதையும் தொடங்க வேண்டாம்.

3. அந்த பேக்அப்பில் இருந்தே நகல் தளத்தைக் கட்டுங்கள். அப்படிச் செய்தால் பேக்அப் வேலை செய்கிறதா என்ற சோதனையும் கூடவே முடிந்துவிடும். நகலை ஒரு துணை முகவரியில் கடவுச்சொல் போட்டு வையுங்கள், கூகுளுக்குத் தெரியவேண்டாம். மின்னஞ்சல் அனுப்பும் வசதியை நகலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஒத்திகையில் இருந்து சங்கத்து அங்கத்தவர் எல்லோருக்கும் சந்தா நினைவூட்டல் போய்ச் சேரும்.

4. ஒழுங்கு முக்கியம். முதலில் பழைய பிஎச்பியிலேயே வைத்து வேர்ட்பிரஸையும் தீமையும் பிளகின்களையும் புதுப்பியுங்கள். பிறகு பிஎச்பியை மாற்றுங்கள். 5.6 இல் இருப்பவர்கள் ஒரே தாவலில் 8.3 க்குப் போகவேண்டாம், இடையில் 7.4 இல் ஒரு தரிப்பு வையுங்கள். 8.0 இல் நீக்கப்பட்ட பல கட்டளைகளுக்கு 7.4 எச்சரிக்கை மட்டும் தந்து தளத்தை ஓடவிடும். எதையெல்லாம் திருத்த வேண்டும் என்ற பட்டியல் அந்த எச்சரிக்கைகளில் இருந்தே கிடைத்துவிடும். அதைத் திருத்திவிட்டு மேலே ஏறுங்கள்.

5. பிழைகளைத் திரையில் காட்டாமல் கோப்பில் எழுதும்படி அமைத்துவிட்டு, அந்தக் கோப்பை வாசியுங்கள். ஒவ்வொரு வரியிலும் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். கையால் எழுதிய நிரல் நிறைய இருந்தால் பிஎச்பிகொம்பாட்டிபிலிட்டி, ரெக்டர் போன்ற இலவசக் கருவிகள் பழைய கட்டளைகளைத் தேடித் தரும்.

6. அமைப்புகளைப் பாருங்கள். புதிய பதிப்பு புதிய அமைப்போடு வரும். கோப்பு ஏற்றும் அளவு பிஎச்பியின் இயல்புநிலையில் 2 மெகாபைட்தான். பழைய பதிப்பில் யாரோ 64 ஆக்கி வைத்திருப்பார்கள். மாற்றிய பிறகு ஸ்கேன் செய்த கும்பாபிஷேக மலர் ஏறவில்லை என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். தளத்தின் எச்டிஅக்செஸ் கோப்பில் பழைய பதிப்பின் எண்ணைச் சொல்லும் வரி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் பேனலில் நீங்கள் எதைத் தெரிவு செய்தாலும் பழையதே ஓடும்.

7. இப்போது தமிழைச் சோதியுங்கள். நீளமான தமிழ்த் தலைப்புள்ள ஒரு கட்டுரை, முகப்பில் வரும் சுருக்கங்கள், தேடற் பெட்டியில் ஒரு தமிழ்ச் சொல், தமிழ் முகவரியுள்ள பழைய இணைப்பு, தமிழ்ப் பெயருள்ள பிடிஎஃப், தமிழில் நிரப்பி அனுப்பும் படிவம், தமிழ்த் தலைப்போடு வரும் மின்னஞ்சல். தளத்தின் ஆகப் பழைய கட்டுரையையும் ஆகப் புதிய கட்டுரையையும் திறந்து பாருங்கள். எழுத்துமுறைப் பிரச்சினை பெரும்பாலும் பழையவற்றில்தான் ஒளிந்திருக்கும். கணினியில் பார்த்ததோடு விடாமல் போனிலும் பாருங்கள். எங்கள் வாசகரில் பெரும்பாலானோர் அங்கேதான் இருக்கிறார்கள்.

பெரிய இடத்தில் எப்படிச் செய்தார்கள்?

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் இருந்து இயங்குகிறது. அதன் அடியில் ஓடும் இயந்திரத்தை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் பல தடவை மாற்றிவிட்டது. 2014 இல் பிஎச்பி 5 இல் இருந்து பேஸ்புக் உருவாக்கிய எச்எச்விஎம் க்குப் போனார்கள். பக்கத்தைத் தொகுத்துச் சேமிக்க எடுக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியானது. இனிப் பிஎச்பியோடு ஒத்துப்போக மாட்டோம் என்று எச்எச்விஎம் 2017 இல் அறிவித்ததும், திரும்பிப் பிஎச்பி 7 க்கு வரத் தீர்மானித்தார்கள். 2019 இல் அதைச் செய்து முடித்தார்கள்.

கவனிக்க வேண்டியது செய்த முறை. முதலில் விரும்பி முன்வந்த பயனர்களுக்கு மட்டும் புதிய பதிப்பைக் கொடுத்தார்கள். பிழைகளைத் திருத்தினார்கள். பிறகு வாசகர்களில் ஒரு சிறு பங்கை அதற்குத் திருப்பினார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பழையது கடைசி வரை பக்கத்தில் தயாராக நின்றது. தமிழ்க் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்த நமக்கு எதுவும் தெரியவில்லை. பெரிய பொறியியலாளர் குழு உள்ள நிறுவனமே இவ்வளவு மெதுவாகப் போனது என்றால், ஒரே ஆளாக ஊர்த் தளம் பார்க்கும் நாம் அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை. எங்களிடம் பல சேர்வர் இல்லை, உண்மை. ஆனால் நகல் தளத்தின் முகவரியைச் சங்கத்தில் நாலு பேருக்குக் கொடுத்து, "ஒரு கிழமை இதில் வாசியுங்கள், குழப்பம் எதுவும் தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்கலாமே. அதில் ஒருவர் வயதானவராக, தளத்தை முழுக்க வாசிப்பவராக இருப்பது நல்லது. அவர்கள் கண்ணுக்குத்தான் ஒற்றுப் போனதும் தெரியும்.

எந்த நாள், எந்த நேரம்?

"ராத்திரி பன்னிரண்டுக்கு மாத்துவம், ஒருத்தரும் பார்க்கமாட்டாங்க" என்பார்கள். மட்டக்களப்பில் நள்ளிரவு என்றால் ரொறன்ரோவில் பகல் இரண்டு மணி அளவு, லண்டனில் மாலை. எங்கள் ஊர்த் தளங்களின் வாசகர்கள் அந்த நேரத்தில்தான் விழித்திருக்கிறார்கள். நீங்களோ நித்திரைத் தூக்கத்தில் இருப்பீர்கள். வேலை நாள் ஒன்றில் காலை பத்து, பதினொன்று மணி சிறந்தது. கனடா தூங்கும், உங்கள் தலை தெளிவாக இருக்கும், ஹொஸ்டிங் நிறுவனத்தில் உதவி கேட்டால் ஆள் இருக்கும். வெள்ளிக்கிழமை வேண்டாம்.

கோயில் தளம் என்றால் திருவிழாக் காலத்தைத் தவிருங்கள். மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முதல் வாரம் அதைத் தொடக்கூடாது. பாடசாலைத் தளத்தைப் பரீட்சை முடிவு வரும் நாட்களில் தொடக்கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் மின்வெட்டும் இருக்கும். சேர்வர் வேறு நாட்டில் இருப்பதால் உங்கள் வீட்டில் கரண்ட் போனாலும் அது ஓடும். ஆனால் கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் பாதிக் கோப்பு புதிது, பாதிக் கோப்பு பழையது என்றாகிவிடும். ஆகவே ஸிப்பாக ஏற்றி அங்கேயே பிரியுங்கள்.

மாற்றும் நாளும் அதன் பிறகும்

அன்றைக்குக் காலை இன்னொரு புதிய பேக்அப் எடுங்கள். ஒத்திகையில் செய்த ஒவ்வொரு படியையும் அதே ஒழுங்கில் செய்யுங்கள். புதிதாக எதையும் அன்றைக்கு முயன்று பார்க்க வேண்டாம். முடிந்ததும் ஏழாவது படியில் சொன்ன பட்டியலைத் திரும்ப ஓட்டுங்கள்.

ஏதாவது பிழைத்தால் பேனலில் பழைய பதிப்பைத் தெரிவு செய்தால் சில நிமிடத்தில் பழையபடி வந்துவிடும். இது பெரிய ஆறுதல். ஆனால் ஒரு எல்லை உண்டு. வேர்ட்பிரஸையோ பிளகினையோ புதுப்பித்தபோது தரவுத்தளத்தின் அமைப்பு மாறியிருந்தால், பிஎச்பியை மட்டும் பின்னால் கொண்டுபோவது போதாது. காலையில் எடுத்த பேக்அப்பில் இருந்து தரவுத்தளத்தையும் கோப்புகளையும் மீட்க வேண்டும். எந்த நேரத்துக்குள் சரிவராவிட்டால் திரும்பிப் போவது என்று தொடங்கும் முன்னரே தீர்மானித்து வையுங்கள். அந்த நேரம் வந்தால் தயங்காமல் திரும்பிப் போங்கள். அடுத்த வாரம் மீண்டும் செய்யலாம்.

வேர்ட்பிரஸ் 5.2 இல் இருந்து, தளம் முற்றாக நின்றால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று வரும். அந்த நிர்வாகி முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் சங்கத் தளங்கள் பலவற்றில் அது எப்போதோ வெளிநாடு போன பழைய செயலாளரின் முகவரியாக இருக்கும்.

மாற்றிய பிறகு ஒரு மாதமாவது பிழைக் கோப்பை இடையிடையே திறந்து பாருங்கள். மாதம் ஒருமுறை ஓடும் வேலைகள், வருடம் ஒருமுறை திறக்கும் சந்தாப் படிவம் போன்றவை அன்றைக்கே தங்களைக் காட்டிக்கொள்ளாது. பழைய பேக்அப்பை ஒரு வருடமாவது அழிக்காதீர்கள். செய்த எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தளத்தின் கடவுச்சொற்கள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அடுத்த தடவை இதைச் செய்வது நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதை வாசித்து முடித்ததும் உங்கள் தளத்தின் பேனலைத் திறந்து, பிஎச்பி பதிப்பு எண்ணைப் பாருங்கள். 8.2 க்குக் கீழே இருந்தால், இன்றைக்கே முழு பேக்அப் ஒன்றை எடுத்துச் சேர்வருக்கு வெளியே வையுங்கள். பதிப்பை மாற்றுவதை அடுத்த மாதம் செய்யலாம். பேக்அப்பை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.